பவளப்பாறை மீட்புப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி, இந்த ஆண்டு புதிதாகப் பவளம் நடுவதைக் குறைத்துக்கொண்டு, நட்டதைப் பராமரிப்பதில் இறங்கினோம். சிலருக்கு இதில் மனக்குறை என்பது தெரியும். பவளத் துண்டுகளைக் கட்டிய புதுக் கம்பிச் சட்டத்தைக் கடலில் இறக்கும் நாளில் படகு கொள்ளாத கூட்டம். பாசி சுரண்டும் நாளில் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் நட்டதைக் கவனிக்காமல் விட்டால் பாசியே மூடிக் கொன்றுவிடும்.

துண்டைக் கம்பியோடு கட்டும் கேபிள் டை தளர்ந்து துண்டு ஆடினால் அது கம்பியில் பிடிக்காது. அடியில் சதை படர்ந்து கம்பியைக் கவ்விவிட்டால் பிழைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை பழைய டூத் பிரஷ்தான் நம் ஆயுதம். கம்பியைத் தேய்க்கலாம், பவளத்தின் மேல் படக்கூடாது. அப்புறம், பவளத்தைத் தின்னும் டிரூபெல்லா நத்தை. அது தின்ற இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நத்தையோ கிளை இடுக்கில் பதுங்கியிருக்கும். வெப்பத்தில் வெளுத்த பவளமும் வெள்ளைதான், ஆனால் அதன் சதையில் இன்னும் உயிர் உண்டு. செத்தது என்று பிடுங்கிவிடாதீர்கள்.

துண்டுகளை உடைந்து கிடப்பவற்றிலிருந்தே எடுத்தோம். படத்தில் அழகாக விழுவது கிளை விடும் ஆக்ரோபோரா என்ற பவள வகை. ஆண்டுக்கு 10 செ.மீ. வரைகூட வளரும், ஆனால் வெப்பத்தில் முதலில் வெளுப்பதும் அதுதான். அதனால், ஆண்டுக்கு சுமார் 1 செ.மீ. மட்டுமே வளரும் போரைட்டஸ் பவளத்தையும் கலந்தே நட்டிருக்கிறோம்.

நங்கூரம் நொறுக்கிய பகுதியில் கற்கள் உருண்டுகொண்டே இருப்பதால், மிதந்து வந்து ஒட்டும் இளம் பவளம் நசுங்கிப்போகிறது. அங்கே சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கற்களை அசையாமல் நிறுத்தப் பார்க்கிறோம். நங்கூரம் போடாமல் படகைக் கட்டி நிறுத்தும் மிதவைகளை மீனவ உறுப்பினர்கள் காட்டிய இடங்களிலேயே போட்டோம். படகு எங்கே நிற்கும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

வெப்பம் நம் கையில் இல்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே பவளம் வெளுக்கும். 2023-இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளுத்தலில், உலகப் பவளப்பாறைப் பரப்பில் 84 விழுக்காடு அந்த அளவு வெப்பத்துக்கு ஆளானதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தன் பெயர் பொறித்த சட்டங்களைக் கோடையிலேயே இறக்கச் சொன்ன ஒரு நன்கொடையாளரின் பணத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. அதனால் கையிருப்பு குறைவு. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

கடல் சூடேறும் மாதங்களில் நடவு கிடையாது, துப்புரவு முறைப்பட்டியலில் பெயர் கொடுத்தவர்களுக்கே நடவில் முன்னுரிமை என்ற இரண்டு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்