20 வளைவுகளிலும் காரை மெதுவாக ஏற்றிய டிரைவர் அண்ணாவுக்கு

மருந்துக்கு அடங்காத எதுக்களிப்புக்காகச் சேலத்தில் என் மகளுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைத்திருந்தார்கள். வெளியே சின்னத் துளைகள்தான், ஆனால் ஓங்கரித்தால் உள்தையல் தளரலாம் என்றார் டாக்டர். வீடோ ஏற்காட்டில், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

அண்ணா, சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணாடியில் தொங்கிய வாசனை டப்பாவைக் கழற்றி டிக்கியில் வைத்தீர்கள். ஒவ்வொரு வளைவிலும் நடை வேகம்தான். ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டீர்கள். பாதியில் நிறுத்தி, உங்கள் துண்டைச் சுருட்டிப் பாப்பாவின் முதுகுக்கு அணையாகக் கொடுத்தீர்கள். அவள் ஒருமுறைகூடக் குமட்டவில்லை.

பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஒருநாள் வீட்டுக்கு வாங்க அண்ணா. பாப்பா இப்போது குழைந்த சாதம் சாப்பிடுகிறாள்.