கதவருகே நின்றவருக்கு

அன்புள்ள மும்பை செம்பூர், மாட்டுங்கா உறவுகளுக்கு,

இந்த ஆறு வாரமும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். நேற்று அவரே கேட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டார். ரத்தம் கொடுத்த பிள்ளைகள், முறை வைத்து ராத்திரி துணைக்குப் படுத்தவர்கள், ரசம் சாதம் கொடுத்தனுப்பிய மாமிகள், மகளையும் பெரிய வயலின் மாதிரி இருக்கும் அவளுடைய செல்லோவையும் காரில் ஏற்றி ஒத்திகைக்குக் கூட்டிப்போன டீச்சர், எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இன்று எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக.

சனிக்கிழமை மகளுடைய மாணவர் இசைக்குழுவின் கச்சேரி. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் செல்லோ கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனிச் செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நான்கு பகுதி இசை. 1959-ல் ரோஸ்ட்ரோபோவிச் என்ற செல்லோ கலைஞருக்காக எழுதியது. அவர் நான்கே நாளில் மனப்பாடம் செய்தாராம். நம் பிள்ளைகளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. மகளுக்கு செல்லோ வரிசையில் கடைசி நாற்காலி. "அப்பா வரணும்" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதனாலேயே டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும் டாக்ஸி நகரவில்லை. அவரால் வேகமாக நடக்கவும் முடியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே அந்த நான்கு சுர ஆரம்பம் கேட்கிறது. வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமான நான்கு சுரம்.

கதவருகே நின்ற ஊழியர் எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்தார். "தாம்பா தாயி", கொஞ்சம் பொறுங்கள் அக்கா, என்று மராத்தியில் மெல்லச் சொல்லி, தன் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தார். அப்புறம் என்னிடம் இந்தியில் சொன்னார்: மூன்று நாளாக ஒத்திகை கேட்கிறேன், முதல் பகுதி முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி வரும், அதை விட்டால் கடைசிவரை நிற்காது. உண்மைதான், மற்ற மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஓடும்.

ஆறு வாரமாக எத்தனையோ பேர் எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். எதற்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லிக் காக்கவைத்தவர் இவர் ஒருவர்தான்.

கைப்பிடியில் கையை வைத்து, கதவில் காதைச் சாய்த்து நின்றார். உள்ளே சத்தம் அடங்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. டார்ச்சைத் தரையில் மட்டும் அடித்து, என் வீட்டுக்காரரின் முழங்கையைத் தாங்கி, ஓரத்தில் ரெண்டு இருக்கை பார்த்து உட்காரவைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது பகுதி முழுக்கத் தனிச் செல்லோதான். மற்ற பிள்ளைகளுக்கு வேலை இல்லை, வில்லை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் மகள் வரிசை வரிசையாகத் தேடினாள். எங்கள் பக்கம் வாசல் விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் விழுந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். அவர் பிளாஸ்திரிக் கையைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நான்காவது பகுதி தொடங்கும்போது வில் தந்திக்கு வந்துவிட்டது.

கிளம்பும்போது அந்த ஊழியரைத் தேடினேன். வேறு வாசலுக்குப் போய்விட்டாராம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மடல் அவர் கண்ணில் படாது, தமிழும் தெரியாது. வருகிற சனிக்கிழமை மூன்று பேருமாக அங்கே போகிறோம். மகளுக்கு மராத்தி நன்றாக வரும், அவள்தான் இதை அவருக்குப் படித்துச் சொல்லப்போகிறாள்.

செம்பூரிலிருந்து,
ஒரு அம்மா