இண்டெக்ஸைக் கவனி, முரளி

அன்புள்ள முரளி,

பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

எங்கள் சர்வர் மென்பொருளுக்கு இனி டெபியன் லினக்ஸ் இயங்குதளம்தான் என்று முடிவாகிவிட்டது. ஹாஸ்டலிலேயே நீ சொன்னதுதான், இப்போது நன்றாகச் சிரித்துக்கொள். ராஜு மட்டும் இன்னும் முனகுகிறான். அல்மா, ராக்கி லினக்ஸ் என்றால் ஒரே பதிப்பை அப்டேட்டோடு பத்து வருஷம் ஓட்டலாம், டெபியனில் எல்டிஎஸ் என்கிற நீண்டகால ஆதரவைச் சேர்த்தாலும் ஐந்துதானே என்கிறான். நியாயம்தான். ஆனால் ரெட் ஹாட் கம்பெனியின் சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸையும் 2029 வரை என்றுதான் சொல்லியிருந்தார்கள். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது, 2021-ஓடு கதை முடிந்தது. டெபியன் 1993-லிருந்து தன்னார்வலர்கள் கையில் இருக்கிறது. ஒரு கம்பெனி மனம் மாறியதால் நம் தளம் போய்விடாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம், அவசரமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. இந்த மாதம் உங்கள் ஆஸ்பத்திரியின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து டெபியன் 13-க்கு மாற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதன் கோப்புகள் இருக்கும் டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுத்துப் போடாதே! ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (உடனுக்குடன் ஒத்திசையும் நகல் சர்வர்) வைத்து மாறினாலும் அதே ஆபத்துதான். சென்ட்ஓஎஸ் ஏழில் இருப்பது ஜிலிப்சி (எழுத்து வரிசையையும் கவனிக்கும் லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.17, டெபியன் 13-இல் 2.41. நடுவே 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியே மாறிவிட்டது. 1-1, 11 இரண்டையும் en_US மொழி அமைப்பில் sort கட்டளையால் வரிசைப்படுத்திப் பார். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1. தேடலுக்காக டேட்டாபேஸ் வைத்திருக்கும் வரிசைப் பட்டியலான இண்டெக்ஸ் பழைய வரிசையில் கிடக்க, தேடல் புதிய வரிசையில் போகும். இருக்கிற நோயாளியை இல்லை என்று சொல்லும், ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது (யூனிக்) என்று நீ பூட்டிய இடத்தில் அதே எண் இரண்டாவது முறை பதிவாகும். அந்த நேரத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது. எனக்குப் பயமே அதுதான்.

தரவை மட்டும் ஒரு கோப்பாக டம்ப் எடுத்து புதிதாக ரீஸ்டோர் செய்தால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும், கவலை இல்லை. அவ்வளவு நேரம் சர்வரை நிறுத்த முடியாதென்றால், மாறியதும் யாரையும் உள்ளே விடுவதற்கு முன் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை எல்லாம் ரீஇண்டெக்ஸ் செய். கொலேஷன், அதாவது டேட்டாபேஸின் வரிசை விதி, மொழி விதி பார்க்காத C-யாக இருந்தால் உனக்கு இந்தத் தொல்லையே இல்லை, முதலில் அதைப் பார்த்துவிடு.

தேதி முடிவானதும் போன் செய். அன்று லீவு போட்டு உன்னோடு லைனில் இருக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்