சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25, கோத்தகிரி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாம் கொடுத்த மனுக்களில் தெருவிளக்கு எரிகிறது. குடிநீர் பழைய கதைதான். இந்த ஆண்டு அதிகம் பேசி, அதிகம் சண்டையும் போட்ட விஷயத்துக்கு நேரே வருகிறேன்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். விடுதியும் கடையும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பிழைப்பில் மண் விழுந்ததாகக் கொதித்தார்கள். அவர்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சீசனில் வண்டிகள் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்குகின்றன. ஊட்டிக்குப் போன கூட்டத்தின் புகையில் ஒரு பங்கு நமக்கும் வருகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னபோது, "லிட்டரே ஒரு கிலோ தேறாதே, எப்படி சார்?" என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. டீசலில் உள்ள கார்பனோடு காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்வதால்தான் அந்த எடை என்று அவர் விளக்கினார். அன்றைய கூட்டத்தில் சத்தமில்லாமல் எல்லாரும் கேட்டது அது ஒன்றைத்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஓட்டுக் கேட்டவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் நம் தெருவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேசினார்கள். அது பேச வேண்டியதுதான். பஸ் பற்றியோ புகை பற்றியோ யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 2070க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம், அதாவது நாடு வெளியிடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமம், என்று 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். அந்த ஆண்டு இந்தச் சங்கத்தை நடத்தப்போவது நம் பேரப்பிள்ளைகள். அவ்வளவு தூரத்துக் கெடுவை வைத்து இன்றைய ஆட்களிடம் கணக்குக் கேட்க முடியாது.

பிளாஸ்டிக் விஷயத்தில் இந்த மாவட்டம் வேறு மாதிரி நடந்தது. மாநிலம் முழுதும் தடை வந்தது 2019 ஜனவரி 1இல். நீலகிரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. அதிகாரிகள் கறாராக நின்றார்கள், கடைக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். இன்று பை இல்லாமல் போனால் மளிகைக்கடை அண்ணாச்சியே முறைக்கிறார்.

அப்புறம் தேயிலைத் தொழிற்சாலைகள். பைக்காராவில் 1932 முதல் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் மலை இது. தேயிலை உலர்த்தவோ இன்னும் லாரி லாரியாக விறகு வருகிறது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் நட்டால், அது வளரும்போது கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் புகைக் கணக்கு ஓரளவு நேராகும்; நடுகிறார்களா என்று பார்க்க ஒரு குழு அமைத்திருக்கிறோம்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு நாளொன்றுக்கு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அரசுப் பஸ்ஸில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. அதனால் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி பஸ்களைக் கூட்டக் கோரும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதற்கு எழுத்தில் பதில் வாங்குவதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. விடுதிக்காரர்களும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அறை வேண்டுமே.

சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். அறிக்கையை ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்