சுரவோங் சந்தும் தாய்மாமன் சீரும்

பாங்காக்,
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நீயும் அத்தானும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். நிற்க. நம் பாப்பாவின் கல்யாணத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பிய முதல் பத்திரிகையும், அதற்குள் மடித்து வைத்த உன் கடிதமும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. "போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்" என்று நீ ஆரம்பித்திருந்ததைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பொங்கலுக்குப் பிறகு உன்னிடம் நான் நின்று பேசவில்லை என்பது உண்மை. அதற்குப் பரிகாரமாகத்தான் இந்த நீளக் கடிதம்.

அறையை ஏன் மாற்றினேன் என்று கேட்டிருந்தாய். பழைய அறையைவிட இது காற்றோட்டமானது. ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லாததால் காலுக்கு நல்ல பயிற்சி. கடையில் கல் வரத்துக் கொஞ்சம் மந்தம் என்பதால் வாரத்துக்கு நான்கு நாள் வந்தால் போதும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வருடமாக லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நீலக்கல்லையும் கெம்பையும் தரம் பிரித்த கண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நல்லதுதானே. மதியத்துக்கு மூலைக்கடையில் ஒட்டரிசிச் சோறு மலிவாகக் கிடைக்கிறது, ஒரு பொட்டலம் சாப்பிட்டால் இரவு வரை பசிக்காது.

நான் பேசும்போது பின்னால் தையல் இயந்திரச் சத்தம் கேட்கிறதே, யார் என்று அம்மா கேட்பார்களே, அது எதிர் அறைக்காரர். அறுபத்தெட்டு வயது. ஆணாகப் பிறந்து, நெடுங்காலமாகக் கூந்தல் வளர்த்துப் பூப்போட்ட சட்டை அணிந்து பெண்ணாகவே வாழ்கிறவர். இங்கே அவர்களைக் கத்தேய் என்பார்கள். நாங்கள் எல்லோரும் அவரை 'பா' என்று அழைக்கிறோம், அதற்கு இந்த நாட்டு மொழியில் பெரியம்மா என்று பொருள். அவருடைய ஊர் ஈசான் பக்கம். நாட்டின் வடகிழக்கை ஈசான் என்கிறார்கள், நம் வாஸ்துக்காரர் சொல்லும் அதே ஈசானிய மூலைதான். அந்தப் பக்கத்தில் மீனை உப்பும் அரிசித் தூளும் சேர்த்துச் சாடியில் மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள், பெயர் பிளா ரா. பா அந்தச் சாடியைத் திறக்கும் நாளில் மாடி முழுவதும் ஜன்னல்கள் அடைபடும். கருவாடு வறுத்ததற்கே சண்டைக்கு வந்த கீழ வீட்டு அத்தை இங்கே ஒரு நாள் குடியிருந்து பார்க்க வேண்டும். ஆனாலும் மண் உரலில் பப்பாளிக்காய்ச் சீவலைப் போட்டு அந்த மீன்சாற்றை ஊற்றி, மர உலக்கையால் தட்டித் தட்டி அவர் கொடுக்கும்போது நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பா எனக்கு அறிமுகமானது இந்த மாடியில் அல்ல. சுரவோங் சாலையிலிருந்து பிரியும் பிரதுசாய் என்ற சின்னச் சந்தில்தான் முதலில் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் அதை சோய் ட்வைலைட் என்பார்கள், அந்திச் சந்து என்று வைத்துக்கொள். ஆண்களை நாடும் ஆண்களுக்கான மதுக்கூடங்களும் ஆட்டக்கூடங்களும் அதன் இரு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. முகம் சுளிக்காமல் படி, அக்கா. உனக்கு எழுதாவிட்டால் இதை நான் வேறு யாருக்கு எழுதுவேன்?

நான் அங்கே போனது வேலையாகத்தான். ஆட்டக்காரர்களின் உடைகளைத் தைத்தவர் பா. மார்புக்கச்சையிலும் மகுடத்திலும் பதிக்கும் பொய்க்கற்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கற்கடையில் வேலை செய்யும் ஆள் வேண்டும் என்று தேடியவரிடம் கடைப்பையன் ஒருவன் என்னைக் காட்டிவிட்டான். பகலெல்லாம் உண்மைக் கல்லைப் பிரித்துவிட்டு, அந்தி நேரத்தில் ஒரு மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து பொய்க்கல் ஒட்டினேன். திருச்சிக் கல்லுக்குப் பட்டை தீட்டிய வீட்டில் பிறந்தவனுக்குப் பொய்க்கல் என்றால் இளப்பமா என்ன? அப்பா சொல்வாரே, வைரத்துக்குத் தானாக ஒளி உண்டு, நம் கல்லுக்கு நம் கைதான் ஒளி என்று. அதை எனக்குத் தெரிந்த அரைகுறைத் தாய்லாந்து மொழியில் பாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அந்தச் சந்தில் எனக்கு 'சாங் பெட்' என்று பெயர் விழுந்தது. வைரத் தொழிலாளி என்று பொருள், சுரம் கொஞ்சம் பிசகினால் சாங் என்பது யானையாகிவிடும் என்பதால் அதிலும் ஒரு கேலி இருந்தது. வெளியே எல்லா இடத்திலும் எனக்கு ஒரே பெயர், கேக். எழுத்தில் பேக்கரிப் பண்டம் போலத் தெரிகிறது, ஆனால் விருந்தாளி என்று அர்த்தம், நம்மைப் போன்ற இந்தியர்களுக்கும் அதே சொல்தான். பத்தொன்பது வருடமாக விருந்தாளியாகவே இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று உனக்கு எப்படிச் சொல்வது?

விளக்கு எரிந்த பிறகு அந்தச் சந்து எப்படி இருந்தது என்று கேட்டால் ஆயிரம் பேர் சொல்வார்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் ஆட்கள், இரட்டை விலைக்கு விற்ற மது, சட்டையில் எண் வில்லை குத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்கள், அவர்களைவிட நாற்பது வயது மூத்த வெளிநாட்டார். அங்கே நடந்தது எல்லாம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்ல நினைப்பது விளக்கு போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை. நடுச்சந்தில் பாயை விரிப்பார்கள், கூடையில் ஒட்டரிசிச் சோறு வரும், வாசலுக்கு மேலிருக்கும் சாமி மாடத்துக்குச் சாமந்தி மாலையும் ஸ்ட்ரா செருகிய ஒரு பாட்டில் சிவப்பு ஃபேன்டாவும் வைத்துவிட்டு, இரவெல்லாம் மகாராணியாக ஆடப்போகிறவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார். பையன்களில் பலர் ஈசான் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகள். மாதாமாதம் பணம் அனுப்புவார்கள், வீட்டில் ஓட்டல் வேலை என்று சொல்லியிருப்பார்கள். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது சந்தின் கோடிக்குப் போய் நின்றுகொள்வார்கள், பேசி முடித்து வரும்போது யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

2018 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கியிருந்த முந்நூற்று எழுபத்தேழாம் பிரிவைப் பற்றித் தீர்ப்பு சொன்ன அன்று, "உங்கள் ஊரில் இனி இது குற்றமில்லையாமே" என்று பா கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தபடி, "இங்கே 1956-லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். ஆனாலும் என் அப்பா அடித்த அடிக்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் வழக்கம் அது.

2019-இல் அந்தச் சந்தின் கடைகளை மூடினார்கள். குத்தகை முடிந்தது, நிலத்தில் வேறு கட்டப்போவதாகச் சொன்னார்கள். சில கடைகள் சாலைக்கு அந்தப் பக்கம் பட்போங்கில் இடம் பிடித்துப் போயின. அடுத்த வருடம் மார்ச்சில் கொரோனாவுக்காக நகரத்தின் மதுக்கூடங்களை எல்லாம் பூட்டியபோது பல பையன்கள் ஊருக்குப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் குறைவு. சீலோம் சாலையின் இரண்டாம் சந்தும் நான்காம் சந்தும் இன்றும் கலகலப்பாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவை சம்பளக்காரர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகும் இடங்கள், அங்கே யாரும் பாய் விரித்துச் சாப்பிடமாட்டார்கள். பா தன் இயந்திரத்தையும், எண் வில்லைகள் போட்ட ஒரு ஐஸ்கிரீம் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வில்லைகள் வட்டமானவை, வெள்ளைப் பிளாஸ்டிக், பின்னால் துருப்பிடித்த ஊசி. பதினேழாம் எண் மட்டும் டப்பாவில் இல்லை. அது யாருடையது என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

இரவில் அவர் இயந்திரத்தை மிதிக்கும்போது, பாதித் தூக்கத்தில் எனக்கு அது அப்பாவின் சாணை சுற்றும் சத்தமாகக் கேட்கிறது. பட்டறைத் திண்ணையில் நீயும் நானும் குச்சியில் அரக்கைக் காய்ச்சிக் கல் ஒட்டுவோமே, உன் சுண்டுவிரலில் அரக்கு சொட்டி நீ அழாமல் பல்லைக் கடித்தாயே, அந்த வாசனை கூட வந்துவிடுகிறது, அக்கா. எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். மணி இரண்டு இருக்கும். கீழே தெருவில் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவார், பிறகு விடியும்வரை ஒன்றும் இல்லை. அந்தத் தழும்பு உன் விரலில் இன்னும் இருக்கிறதா?

இந்த வருடம் ஜனவரி 23-இலிருந்து இங்கே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி திருமணம் பதிந்துகொள்ளலாம். முதல் நாளே நாடு முழுவதும் 1,800-க்கும் மேற்பட்ட இணையர் பதிந்தார்கள். சந்தில் பரிமாறுபவர்களாக இருந்த இருவர் பாங் ராக் வட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். அந்த வட்டத்தின் பெயரிலேயே காதல் இருப்பதால் கல்யாணம் பதிய அங்கே கூட்டம் அதிகம். அவர்களுக்கு வெள்ளைச் சட்டை தைத்தவர் பா, கழுத்துப்பட்டியில் கல் பதித்தவன் நான். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டதும் அவர்களில் ஒருவர் சந்தின் கோடிக்குப் போவதுபோல ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று தன் அம்மாவுக்குத் தொலைபேசி செய்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நவராத்திரி 22-ஆம் தேதி தொடங்குகிறது. சீலோம் மாரியம்மன் கோயிலில் பாப்பாவின் பெயருக்கும் மாப்பிள்ளையின் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிடுகிறேன். விஜயதசமி இரவு அம்மன் வீதியுலா வரும் வழியில் பா ஒவ்வொரு வருடமும் சாமந்தியும் குத்துவிளக்கும் வைத்துப் பீடம் போடுவார், இந்த முறை அதில் பத்திரிகையையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சீர் விஷயத்தில் ஐந்து சவரன் என்று அத்தானிடம் நான் சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் சவரன் 80,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. இரண்டு சவரனைக் கல்யாணத்தில் போட்டுவிட்டு மூன்றை அடுத்த வருடம் தலைத்தீபாவளிக்குப் போட்டால் சம்பந்தி வீட்டில் குறையாக நினைப்பார்களா என்று அத்தானிடம் நீயே பக்குவமாகக் கேள். பணத்துக்காக அல்ல, விலை இறங்கலாம் என்றுதான். பட்டறை இடத்தைப் பெரியண்ணன் விற்பதானால் விற்கட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். என் பங்கில் அம்மாவின் கண் அறுவைச் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். சாணையை மட்டும் எடைக்குப் போடவிடாதே.

பாப்பாவின் வரவேற்பு ரவிக்கையைத் தான்தான் தைப்பேன் என்று பா பிடிவாதமாக இருக்கிறார், கல் பதிக்கும் வேலை என்னுடையது. அவளுடைய அளவு ரவிக்கை ஒன்றைத் துவைத்து, கூறைப்புடவையின் ஓரத்து நூல் நிறம் தெரிவதுபோல ஒரு துணுக்கும் வைத்து இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடு. கை முழங்கை வரையா, அதற்கு மேலா என்று அவளையே கேட்டு எழுது.

தரகரிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாயே, என் ஜாதகம், அதை அவரிடமிருந்து திரும்ப வாங்கி அம்மாவின் பெட்டியில் வைத்துவிடு, அக்கா. ஏன் என்று நேரில் வரும்போது சொல்கிறேன். கார்த்திகை முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாக வருகிறேன். திருச்சி விமான நிலையத்துக்கு அத்தான் அலைய வேண்டாம், நான் பேருந்திலேயே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி