பத்திரத்தில் ஒரு வரி

ஐயா,

எங்கள் தெருப் பாட்டி ஒருவர், கணவர் கட்டிய வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். இன்று அதே வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறார். "எம்புள்ளதானே, எதுக்குக் கண்டிஷன்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர். பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவு: கடைசிவரை கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இல்லாவிட்டால், அதை நிரூபிப்பதற்குள் வயதானவர் ஓய்ந்துவிடுவார்.

உயிலில் இந்தப் பயமே இல்லை. உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவுகூடக் கட்டாயமில்லை. (பதிவு செய்வது நல்லது என்பேன்.)

கடலூர் மாவட்டப் பதிவு அலுவலகங்களில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கையெழுத்துக்கு முன், பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, முதியவருக்குப் பத்திரத்தை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும்.

– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்