பேஸ்டல் படத்துக்கு பூஞ்சை புடிக்குது, யாராவது வழி சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போகிக்கு வீடு சுத்தம் பண்றப்போ ஹால் சுவத்துல மாட்டியிருந்த ஒரு படத்தை கழட்டி துடைச்சேன். காசிமேட்டுல கட்டிப் போட்டிருக்கிற ஒரு விசைப்படகு, ராத்திரி நேரம், நானே பேஸ்டல்ங்கற கலர் குச்சியால போட்டது. வானம் முழுக்க கருநீலம், அதுல அங்கங்க வெள்ளை வெள்ளையா புள்ளி. நான் நட்சத்திரம் எதுவும் வைக்கலையே, காசிமேட்டு லைட் வெளிச்சத்துல ஏது நட்சத்திரம்னு யோசிச்சுகிட்டே செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒவ்வொரு புள்ளியிலயும் பஞ்சு மாதிரி மெல்லிசா முடி முளைச்சிருக்கு. பூஞ்சை. நாலு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து போட்ட படம் சார், ஒரு மழைக்காலத்துல போச்சு. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

எனக்கு வயசு 57, பெரம்பூர்ல இருக்கேன், ஒரு தனியார் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். மூணு வருஷமா பேஸ்டல்ல வரையறேன், வாத்தியார்னு யாரும் கிடையாது, யூடியூப்தான். முதல் ரெண்டு மாசம் நான் பட்ட பாட்டை சொன்னா சிரிப்பீங்க. வீடியோல அந்தம்மா கலரை பேப்பர்ல இழுத்து விரலால லேசா தேய்ச்சா புகை மாதிரி பரவுது, நான் தேய்ச்சா சோப்பு மாதிரி வழுக்குது, விரல் பிசுபிசுங்குது. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கடைல பேஸ்டல்னு கேட்டா அவங்க எடுத்துக் குடுக்கறது ஆயில் பேஸ்டல், அதுல மெழுகும் எண்ணெயும் இருக்கு. வீடியோல இருந்தது சாஃப்ட் பேஸ்டல், கலர் பொடியோட சாக் பொடியும் கொஞ்சம் கோந்தும் சேத்து உருட்டிக் காயவச்ச குச்சி. ரெண்டும் வேற வேற ஜாதி. கடைக்காரரை சொல்லி குத்தமில்ல, ஸ்கூல் பசங்க கேக்கறது அதைத்தானே. ஆயில் பேஸ்டல் 1920கள்ல ஜப்பான்ல வந்ததே பசங்களுக்காகத்தான்.

இதனாலயே பேஸ்டல்னா எல்லாருக்கும் ஒரு இளக்காரம். எங்க அண்ணன் "இந்த வயசுல என்னடா பசங்க கலரை வச்சு கிறுக்கிட்டு"ன்னாரு. எட்வர்ட் முங்க் வரைஞ்ச, ஒரு ஆள் பாலத்துல நின்னு கத்துவாரே, அந்தப் படம் 1895ல பேஸ்டல்ல போட்டது ஒண்ணு 2012ல ஏலத்துல கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்கு போச்சுன்னேன், ரூபாய்ல எவ்வளவுன்னு கேட்டுட்டு அதுக்கப்புறம் வாயே திறக்கல. ஆனா எனக்கு தெம்பு குடுத்தது அந்த டாலர் கணக்கு இல்ல, ஷார்தான்னு 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர். காலம் பூரா எண்ணெய் வண்ணத்துல சமையல் பாத்திரமும் பழமும் வரைஞ்சவர், வயசான காலத்துல கண்ணு ஒத்துக்காம எழுபது வயசுக்கு மேல பேஸ்டலை எடுத்தாரு. 1775ல தலைல துணி கட்டிகிட்டு நெத்தியில கண்ணுக்கு மறைப்பு போட்டுகிட்டு தன்னையே வரைஞ்சிருக்காரு. நெட்ல பாருங்க, நம்ம தெரு தாத்தா யாரோ மாதிரியே இருப்பாரு.

சரி, சாஃப்ட் பேஸ்டல் வாங்கியாச்சு. பேப்பர்? சாதா சார்ட்ல போட்டேன், ஒரு தடவைக்கு மேல கலர் ஒட்டவே இல்ல, தூக்கினா கோலமாவு மாதிரி கொட்டுது. பேப்பர்ல சொரசொரப்பு இருந்தாதான் அந்தப் பொடி போய் உக்காரும், அதுக்குன்னே வர்ற பேப்பர் இருக்கு, விலைதான் நம்ம கைக்கு எட்டாது. அதனால ஹார்டுவேர் கடைல 400 நம்பர் வாட்டர் பேப்பர் (மரம், பெயிண்ட் தேய்க்கிற உப்புத்தாள்) வாங்கி அதுல போட்டேன். நிஜமா சொல்றேன், கலர் அருமையா புடிச்சுது, அஞ்சாறு அடுக்கு தாங்குது. ஆனா ஒரே சாயங்காலத்துல நீலக் குச்சி பாதியாயிடுச்சு, விரலால தேய்ச்சதுல விரல் நுனி தோலும் சேந்து தேஞ்சுடுச்சு. மறுநாள் ரேஷன் கடை மிஷின் என் கைரேகையை எடுக்கவே மாட்டேங்குது, இந்த விரல் வைங்க அந்த விரல் வைங்கன்னு பத்து விரலும் வச்சுப் பாத்து கடைசில சுண்டு விரல்ல எடுத்துச்சு, பின்னாடி கியூவே சிரிச்சுது.

எனக்கு பேஸ்டல் பிடிபட்டது ஒரு கத்திரிக்காய்லதான். வாட்டர்கலர் மாதிரி இதுல கலரை தட்டுல குழைச்சு எடுக்க முடியாது, எந்தக் கலர் வேணுமோ அந்தக் குச்சி கைல இருக்கணும், என் 24 கலர் டப்பால கத்திரிக்காய் கலர் கிடையாது. முதல்ல ஊதாவும் கறுப்பும் வச்சு தேய்ச்சேன், காம்பு வச்ச அடுப்புக்கரி மாதிரி வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் கறுப்பை டப்பாவை விட்டே எடுத்துட்டு, அடியில கருநீலம், அதுமேல மெரூன், அதுமேல ஊதா, ஒவ்வொண்ணும் கோடு கோடா, தேய்க்காம. கிட்ட பாத்தா தனித்தனி கோடு, நாலடி தள்ளி நின்னா காய். தேய்க்கத் தேய்க்க கலர் செத்துப் போகுதுங்கறது எனக்கு புரிய ஒன்றரை வருஷம் ஆச்சு. கடைசியா ஜன்னல் வெளிச்சம் காய் மேல விழுந்த எடத்துல வெள்ளைக் குச்சியோட முனையால ஒரே ஒரு அழுத்து. அவ்வளவுதான், காய் பேப்பரை விட்டு எழுந்து உக்காந்துச்சு. நான் மூச்சு விடாம பாத்துகிட்டு இருக்கேன், உள்ளேருந்து "ஏங்க, அந்தக் காய் வேலை முடிஞ்சுதா, இங்க புளி கொதிச்சிருச்சு"ன்னு சத்தம். மாடல் சாம்பாருக்கு போயிடுச்சு.

இதெல்லாம் கத்துக்கலாம் சார், தப்பு பண்ணி பண்ணி வந்துடும். இந்த ஊர் வெக்கையையும் ஈரத்தையும் என்ன பண்றதுன்னுதான் புரியல. நான் பாக்கற வீடியோ எல்லாம் குளிர் தேசத்துக்காரங்க போட்டது, அதுல யாருக்கும் வேர்க்கறதே இல்ல. மே மாசம் ஃபேன் போட்டா கலர் பொடி வீடு பூரா பறக்குது, சில கலர்ல இருக்கிற பொருள் மூச்சுல போகக்கூடாதாம், அதனால வாயால ஊதவும் கூடாது, பலகையை வெளில எடுத்துட்டுப் போய் தட்டணும், தரையை ஈரத்துணியாலதான் துடைக்கணும். ஃபேனை நிறுத்தினா நெத்தி வேர்வை சொட்டி நேரா படத்து மேலயே விழுது, விழுந்த எடம் கருத்து அப்படியே நின்னுடுது. எங்கம்மா "பேசாம வாசல்ல கோலம் போடுறா, வேர்த்தாலும் கேப்பாரில்ல"ங்கறாங்க. (அழுக்கான குச்சியை ரவைல போட்டு குலுக்கினா பளிச்சுனு ஆயிடும், இது மட்டும் நல்ல டிப். அந்த ரவையை மறக்காம கொட்டிடுங்க, எங்க வீட்டுல நீல உப்புமா மயிரிழைல தப்பிச்சுது.)

அப்புறம் ஃபிரேம். நான் குடுத்த கடைல அந்தத் தம்பி படத்தை மேசைல போட்டு, தூசின்னு நினைச்சு துணியால ஒரு தட்டு தட்டினான், படகோட மூக்கு போச்சு. கத்தவும் முடியல, அவனுக்கு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து மூக்கை திரும்ப வரைஞ்சேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு வச்சு இடைவெளி விடணும், அக்ரிலிக் ஷீட் போட்டா அது பொடியை இழுத்துக்கும், கண்ணாடிதான் வேணும்னு ரெண்டாவது தடவை நானே பக்கத்துல நின்னு போட வச்சேன்.

அப்படியும் பூஞ்சை. சென்னைல மழைக்காலத்துல காலைல ஈரப்பதம் 80 சதவீதத்தை தாண்டறது சாதாரணம், எங்க ஹால் சுவரு மழை அடிக்கிற பக்கத்து சுவரு, பேப்பர் அந்த ஈரத்தை உறிஞ்சுது, உள்ள இருக்கிற கோந்து அதுக்கு சாப்பாடு, வேற என்ன வேணும். இப்போதைக்கு ஃபிரேமை பிரிச்சு படத்தை ஏசி ரூம்ல வச்சிருக்கேன். பிரஷ்ஷால தட்டலாம்னா பூஞ்சையோட கலரும் வந்துடுமோன்னு பயம். பொடி உதிராம இருக்க அடிக்கிற ஃபிக்சடிவ் ஸ்ப்ரே அடிச்சா கலர் கருத்துடுது. மத்த படங்களுக்கு ஃபிரேம் பின்னாடி நாலு மூலைலயும் கார்க் துண்டு ஒட்டி சுவத்துல படாம மாட்டியிருக்கேன், புது ஷூ டப்பால வர்ற சிலிகா ஜெல் பாக்கெட்டை முதுகுல ஒட்டியிருக்கேன். அம்மா அந்துருண்டை வைங்கறாங்க, அது கலரை என்ன பண்ணுமோ.

எழும்பூர் மியூசியத்துல 1930லயே கெமிக்கல் லேப் ஆரம்பிச்சு வெண்கலச் சிலையில புடிச்ச களிம்பை எடுத்திருக்காங்க. பெரியமேடு ஓவியக் கல்லூரி 1850லேர்ந்து இருக்கு. இந்த ஊர் ஈரத்துல படத்தை எப்படி காப்பாத்தறதுன்னு தெரிஞ்சவங்க இந்த ஊர்லயே இருக்காங்க, ஆனா அது எங்களை மாதிரி ஹால்ல உக்காந்து வரையறவங்க காதுக்கு வர்றதில்ல. உங்க நிருபர் யாரையாவது அனுப்பி அவங்ககிட்ட கேட்டு அரைப் பக்கம் போடுங்களேன், வீட்டுல படம் வச்சிருக்கிறவங்க என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாதுன்னு. பேஸ்டல் மட்டும்னு இல்ல, பழைய கல்யாண போட்டோ, தஞ்சாவூர் படம் வச்சிருக்கிறவங்களுக்கும் ஆகும். வாசகர்கள் யாராவது இதுல அனுபவப்பட்டிருந்தாலும் எழுதுங்க.

அக்டோபர் மழைக்கு முன்னாடி போட்டீங்கன்னா ரொம்ப உபகாரம், இன்னும் 14 படம் சுவத்துல இருக்கு.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர், சென்னை